திரை மூலையில் மஞ்சள் நம்பர்

என் தம்பி மகளுக்குப் பத்து வயது நடந்தபோது, சாயங்கால வேளைகளில் எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தாள். கம்ப்யூட்டர் திரையின் இடது பக்கம் மேல் மூலையில் மஞ்சளாக ஒரு நம்பர் தெரியும். அவள் கார் ஓட்டிக்கொண்டிருப்பாள். நான் காரைப் பார்க்கக் கூடாது, ரோட்டைப் பார்க்கக் கூடாது. அந்த நம்பரை மட்டும் பார்த்து, அது மாறும்போதெல்லாம் உரக்கச் சொல்ல வேண்டும்.

“இருபத்தாறு… இருபத்தெட்டு… இருபத்தஞ்சு…”

“சத்தமா அத்தை! கார் ஓடுற சத்தத்துல எனக்குக் கேக்க வேண்டாமா?”

சத்தமாகப் பேசிப் பழகாதவள் நான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரும் சேர்ந்து பாடும்போதுகூடப் பக்கத்தில் நிற்கிறவருக்கு என் குரல் கேட்காது. அப்படிப்பட்டவளை ஒரு பத்து வயதுப் பிள்ளை தினமும் ஒரு மணி நேரம் கத்த வைத்தாள்.

எனக்கென்று இருந்த சிறுவயது நாலாம் வகுப்போடு முடிந்துபோனது. எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை மூடினார்கள், வீட்டிலும் அம்மிக்கு ஆள் வேண்டியிருந்தது. பிறகு ஐம்பது வயதில், இவள் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தபோதுதான் அது இன்னொரு தடவை வந்தது. அதனால் சிறுவயது நினைவு என்றால் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. இது அவளுடையதா, என்னுடையதா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நர்கிஸ் புயல் அடிப்பதற்கு இரண்டு வருடம் முன்பு நடந்தது இது. ரங்கூனில் பசுந்தாங் பக்கம், ஓடைக்குப் போகிற தெருவில், முதல் மாடியில் இருந்தோம். இப்போதும் நான் அங்கேதான் இருக்கிறேன். தம்பி கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தான். வருடத்துக்கு ஒரு தடவை லீவில் வருவான். அவன் மனைவி காய்ச்சலில் போனபோது பிள்ளைக்கு நாலு வயது. அதற்குப் பிறகு வீட்டில் நானும் அவளும்தான். நான் மல்லி, மிளகாய், மஞ்சள் வறுத்து இடித்து, மசாலாப் பொட்டலம் கட்டிக் கடைகளுக்குக் கொடுப்பேன். அவள் பள்ளிக்கூடம் போவாள், வந்து கார் ஓட்டுவாள்.

கம்ப்யூட்டர் தம்பி கொண்டுவந்தது. வேற்று ஊரில் ஏதோ ஆபீஸில் கழித்துப் போட்டதை வாங்கி, கப்பலிலேயே ஏற்றி வந்திருந்தான். பிள்ளை படிக்கட்டும் என்று வாங்கினானாம். படிப்பு அதில் எந்தப் பக்கம் இருந்தது என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை. கார் ரேஸ் இருந்தது. அதை மட்டும் எல்லோரும் கண்டுபிடித்துவிட்டோம்.

மஞ்சள் நம்பர் வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

அதற்கு முந்தின மழைக்காலத்தில் தம்பி லீவில் வந்திருந்தான். ஒரு சாயங்காலம் அவளோடு ரேஸ் ஓட்ட உட்கார்ந்தான். ஒரே கீபோர்டில் இரண்டு பேர் ஓட்டலாம். எழுத்துப் பக்கம் அவளுக்கு, அம்புக்குறிப் பக்கம் அவனுக்கு. திரை நடுவில் கோடு விழுந்து இரண்டாகப் பிரியும். மேல் பாதி அவள் ரோடு, கீழ்ப் பாதி அவன் ரோடு. மொத்தம் மூன்று சுற்று. முதல் சுற்று முடிவதற்குள்ளேயே படம் விக்கி விக்கி வந்தது. கார் இங்கே நிற்கும், அடுத்தாற்போல் அங்கே நிற்கும், நடுவில் எப்படி வந்தது என்று தெரியாது. தம்பி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு அவள் தலையைத் தடவிவிட்டு, “வெத்தலை வாங்கிட்டு வர்றேன் கண்ணு” என்று எழுந்து போனான். வெற்றிலைக் கடை எங்கள் படிக்கட்டுக்கு நேர் எதிரே. அவன் திரும்பி வந்தபோது பிள்ளை சாப்பிட்டுத் தூங்கியிருந்தாள். லீவு முடிகிற வரைக்கும் மறுபடி அந்த நாற்காலியில் அவன் உட்காரவில்லை.

“படம் விக்குச்சுல்ல அத்தை, அதான் டாடி எழுந்துட்டாங்க” என்றாள்.

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. விக்குகிற படத்தை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? எனக்கே தலை சுற்றியது.

தம்பி கப்பலேறிய மறுநாள், பக்கத்துக் கட்டடத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற கோ நைங்கை அவளே போய் அழைத்து வந்துவிட்டாள். வாய் நிறைய வெற்றிலையோடு வந்தவன், எங்கள் கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினான். உள்ளே எட்டிப் பார்த்தான். அடுத்த நிமிஷம் தும்ம ஆரம்பித்தவன் நிறுத்தவேயில்லை. உள்ளே இருந்த விசிறியிலும் பலகையிலும் ஒரு விரல் கனத்துக்கு மல்லித்தூளும் மிளகாய்த்தூளும் அப்பியிருந்தது. நான் அதே அறையில் உட்கார்ந்துதானே பொட்டலம் கட்டுகிறேன்!

“ஆன்ட்டி, கோழி ஒண்ணு வாங்கி இதுக்குள்ள போடுங்க. கறி தயார்” என்றான் பர்மியத்தில், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பிள்ளை சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பெயிண்ட் பிரஷ் வைத்து அவன் எல்லாவற்றையும் தட்டினான். போகும்போது அந்த மஞ்சள் நம்பரை வைத்துவிட்டுப் போனான். அது எதற்கு என்று நான் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்து அவனாகவே சொன்னான்.

“சினிமா மாதிரிதான் ஆன்ட்டி. நிஜத்துல ஒண்ணும் ஓடலை. தனித்தனிப் படமா காட்டுது. ஒரு செகண்டுக்கு எத்தனை படம் காட்டுதுன்னு இந்த நம்பர் சொல்லும். முப்பது இருந்தா கண்ணு ஏமாந்துடும், ஓடுதுன்னு நெனைச்சுக்கும். இருபதுக்குக் கீழ போனா ஏமாறாது.”

கண் ஏமாறுவதற்கு இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த நம்பரில் ஒரு சங்கடம் இருந்தது. அதைப் பார்க்க அவள் கண்ணை மூலைக்குக் கொண்டுபோனால், கார் சுவரில் மோதிவிடும். ரோட்டைப் பார்த்தால் நம்பர் எப்போது இறங்கியது, எந்த வளைவில் இறங்கியது என்று தெரியாது. அதற்காகத்தான் நான். எழுத்துக் கூட்டிப் படிப்பதில் எனக்கு இன்றைக்கும் தடுமாற்றம் உண்டு. நம்பர் அப்படியில்லை. கடைக்காரர்களிடம் கணக்குப் பார்த்துப் பழகியவள்.

இப்படியாக நான் சொல்லச் சொல்ல, அவள் கற்றுக்கொண்டாள். பாலத்தின்மேல் ஏறினால் நம்பர் ஏறும், கடைத்தெருவுக்குள் நுழைந்தால் இறங்கும். சாயங்காலம் தெருவில் எல்லா வீட்டிலும் விளக்குப் போடும் நேரத்தில் கரண்ட் மெலியும். ரெகுலேட்டர் பெட்டி டக்டக்கென்று அடித்துக்கொள்ளும், திரை இருண்டு மீளும். மதிய வெயிலில் கம்ப்யூட்டர் பெட்டி சுடும். சுட்டால் இறங்கும். இவற்றையெல்லாம் அவள் கவனித்துவைத்திருந்தது மாதிரி பாடத்தைக் கவனித்திருந்தால் என்று நினைப்பேன். சொல்ல மாட்டேன்.

கீழ்வீட்டில் ஒரு பாய் குடும்பம் இருந்தது. அவர்கள் முன்னோர் எங்களைப் போலவே கடல் தாண்டி வந்தவர்கள், நல்ல தமிழ் பேசுவார்கள். ஒரு நாள் அந்த வீட்டம்மா டாம்பாக் பிரியாணி ஒரு தட்டு நிறைய மூடி எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தார்கள். பெருநாளும் இல்லை, ஒன்றும் இல்லை.

“என்னங்க விசேஷம்?” என்றேன்.

அவர்கள் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்கள். “நேத்து ராத்திரி ‘முப்பத்திரண்டு முப்பத்திரண்டு’ன்னு ரெண்டு வாட்டி அழுத்திச் சொன்னீங்களே. அதே நம்பர் விழுந்துச்சு! வாயே திறக்காத பொம்பளை நம்பர் சொல்லுதுன்னா சும்மாவா இருக்கும்னு கட்டினேன்.”

ரங்கூனில் அப்போது இரண்டு இலக்க நம்பர் சீட்டு கட்டாத தெரு கிடையாது. சாமியார் சொன்ன நம்பர், கனவில் வந்த நம்பர், பஸ் டிக்கெட்டின் கடைசி நம்பர் என்று ஜனங்கள் தேடிக்கொண்டிருந்த காலம். நான் ஜெபத்தில் உட்கார்ந்து நம்பர் சொல்வதாக அந்தம்மா நினைத்துவிட்டார்கள். நான் விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். ஒரு செகண்டுக்கு எத்தனை படம் என்று சொன்னேன். அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சொல்லக் கூடாதுன்னு இருக்கும், வேணாம், சொல்லாதீங்க” என்று தட்டை வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் பூராவும் அவர்களுக்குத் தோல்விதான். பிறகு நான் எவ்வளவு கத்தினாலும் யாரும் மாடியேறி வரவில்லை.

தமிழில்தான் கத்துவேன். எனக்குப் பர்மியத்தில் வேகமாக எண்ண வராது. அவளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேச்செல்லாம் பாதிக்குமேல் பர்மியம்தான். ஆனால் பத்திலிருந்து ஐம்பது வரை தமிழ் நம்பர் மட்டும் ஒன்று விடாமல் சொல்லுவாள். இப்போது அவள் இருக்கிற குளிர் தேசத்தில் அதைச் சொல்லிப் பார்க்க யார் இருக்கிறார்கள்? போனில் கூப்பிடும்போது சாப்பாட்டைக் கேட்கிறாள், மருந்தைக் கேட்கிறாள். பின்னால் ஏதாவது மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டால், பக்கத்தில் யாராவது உட்கார்ந்து அவளுக்கு நம்பர் சொல்கிறார்களா என்று கேட்க நினைப்பேன். பைத்தியக்காரக் கேள்வி. கேட்டதில்லை.

தம்பி சித்திரையில் வருவதாகத் தகவல் வந்தது. திஞ்சான் தண்ணீர்த் திருவிழா முடிந்து, பர்மியப் புதுவருஷ நாளன்று இறங்குகிறான். அதிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. அவள் தனியாக ஓட்டினால் நம்பர் முப்பத்தைந்துக்கு மேலே நின்றது. ஆனால் அப்பாவோடு ஓட்ட வேண்டுமென்றால் திரை இரண்டாகப் பிரிய வேண்டும். பிரிந்தால் நம்பர் சரிந்துவிடும்.

“ஏன்டி அப்படி?”

“ரெண்டு பேருக்கும் தனித்தனியா படம் போடணும்ல அத்தை. ஒருத்தர் பாக்குறது இன்னொருத்தருக்குத் தெரியாது.”

இரண்டு பேர் ஓட்டும்போது எவ்வளவு வருகிறது என்று பார்க்க ஆள் வேண்டும். எனக்கு நம்பர் வேலை. அதனால் அம்புக்குறிக் கட்டைமேல் ஒரு மஞ்சள்தூள் பொட்டலத்தை வைத்தாள். அப்பாவின் கார் கண்ணை மூடிக்கொண்டு நேரே போய் மலையில் முட்டி, அங்கேயே உறுமிக்கொண்டு நிற்கும். அந்தப் பொட்டலத்தோடு எத்தனையோ ரேஸ் ஓட்டினாள். மலையில் முட்டி நிற்கிற காரை ஒவ்வொரு சுற்றிலும் கடந்துபோகும்போது, “வாங்க டாடி, வாங்க” என்பாள்.

மூன்று சுற்றும் அவன் எழுந்திருக்காமல் உட்கார வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். பொம்மை கேட்கவில்லை, துணி கேட்கவில்லை.

சித்திரை வெயிலில் பெட்டி அடுப்பு மாதிரி கொதித்தது. பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, மேஜையையே இழுத்து ஜன்னலோரம் போட்டோம். ஓடைக் காற்று நேராக உள்ளே போனது. நம்பர் இரண்டு கூடியது. இரண்டு பேருக்குப் பிரித்தாலும் முப்பது வந்தது. அன்றைக்கு அவள் என் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். “டாடி வர்ற வரைக்கும் இதை இப்படியே வச்சிருக்கணும். யாரும் தொடக் கூடாது.”

திஞ்சான் ரங்கூனுக்கு வருவது தெரியாதா எங்களுக்கு? பிறந்ததிலிருந்து நனைந்துகொண்டிருக்கிறோம். அந்த வருஷம் ஈஸ்டரும் அதோடு சேர்ந்து வந்தது. கோயிலுக்குப் போகிற வழியில் நனைந்து, ஈரப் புடவையோடு உயிர்த்தெழுந்தவரைப் பாடினோம். ஆனால் எங்கள் இரண்டு பேர் மூளையிலும் ஜன்னல் என்பது காற்று வருகிற இடமாக மட்டுமே பதிந்துபோயிருந்தது. தண்ணீரும் அதே வழியாக வரும் என்று தோன்றவேயில்லை. தெருமுனையில் மண்டபம் போட்டு, மோட்டார் வைத்து, ஓடையிலிருந்து தண்ணீர் இழுத்து, பெரிய குழாயில் அடித்துக்கொண்டிருந்தார்கள். மாடியில் நிற்கிற ஒரு பெண்ணை நனைக்கிறோம் என்று யாரோ குழாயைத் தூக்கினார்கள். அந்தப் பெண் நின்றது எதிர் பால்கனியில். தண்ணீர் எங்கள் ஜன்னலுக்கு வந்தது.

பட்டென்று ஒரு சத்தம். திரை கறுத்துவிட்டது. மேஜையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே பாட்டும் கூச்சலும் நிற்கவில்லை. பிள்ளை அழவில்லை. திறந்து கிடந்த பெட்டிக்குள் கையை விட்டு, நனைந்த கோழிக்குஞ்சைத் தொடுவது மாதிரி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அதைப் பார்த்து நான்தான் அழுதேன்.

கோ நைங் மண்டபத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தான். முழுசாக நனைந்து, கன்னத்தில் பூசிய தனக்காச் சந்தனம் வழிய நின்றவனைப் பிள்ளை அப்படியே இழுத்துக்கொண்டு வந்தாள். அவன் எல்லாவற்றையும் கழற்றி மொட்டை மாடியில் துணி விரித்துக் காயவைத்தான். மிளகாய் காயவைக்கிற அதே இடம். காக்கா வராமல் பிள்ளை குடை பிடித்துக்கொண்டு காவல் இருந்தாள். மறுநாள் அவன் வந்து மாட்டினான். உயிர் வந்தது. ஆனால் மெமரி என்று இரண்டு பச்சை அட்டை இருந்ததில் ஒன்று செத்துப்போயிருந்தது.

“புதுசு வாங்கிப் போடுங்க அண்ணா” என்றாள்.

“எங்க வாங்கறது? திஞ்சானுக்கு ரங்கூன்ல எந்தக் கடை திறந்திருக்கு? இன்னும் ஒரு வாரம் ஆகும் தங்கச்சி. அதுவரைக்கும் இதான்.”

அன்று சாயங்காலம் பொட்டலத்தை வைத்து ஓட்டிப் பார்த்தோம். “பதினேழு… பதினாறு… பதினெட்டு…” படம் பழையபடி விக்கியது.

தம்பி வர இரண்டு நாள் இருந்தது. அவள் ஓட்டுவதை நிறுத்தினாள். கேமுக்குள் வேறு ஒரு பக்கத்தைத் திறந்தாள். அங்கே வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு டிக். ஒரு டிக்கை எடுத்தால் படத்திலிருந்து ஒரு சாமான் போய்விடும், நம்பர் கொஞ்சம் ஏறும்.

முதலில் நிழல்களை எடுத்தாள். கார்கள் தரையைத் தொடாமல் மிதப்பது மாதிரி ஆகிவிட்டது. பிறகு மழையை எடுத்தாள். ஈர ரோட்டில் விளக்குகள் நீளமாக விழுந்து கிடக்குமே, அதையும் எடுத்தாள். கடைத்தெரு ஜன்னல்களில் வெளிச்சம் போனது. பிறகு ரோட்டோரம் நிற்கிற ஜனங்களின் கட்டத்துக்கு வந்தாள்.

ரோட்டைப் பார்க்காதே என்று அவள் எனக்குச் சொல்லியிருந்தாலும், நான் பார்க்காமல் இருந்தேனா? பாலம் தாண்டி வருகிற வளைவில், சிவப்புக் குடை பிடித்துக்கொண்டு ஒரு பெண் நிற்பாள். கார் எத்தனை தடவை போனாலும் அத்தனை தடவையும் கையாட்டுவாள். மாதக்கணக்காக அவளைப் பார்த்துப் பழகிவிட்டேன். அந்த வளைவு வரும்போது ஒரு நம்பரை விட்டுவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன்.

“அந்தக் குடைக்காரி இருக்கட்டுமேடி” என்றேன்.

“அந்தம்மா கூட்டத்துக்கு மட்டும் அஞ்சு நம்பர் போகுது அத்தை!”

“யாருக்கும் ஒண்ணும் செய்யலையே அவ. சும்மா நிக்கிறா.”

“சும்மா நிக்கத்தான் அஞ்சு நம்பர்.” பிறகு என் முகத்தைப் பார்த்து இறங்கி வந்தாள். “டாடி போனதும் திருப்பி வச்சிடறேன். சரியா?”

அவன் போவதைப் பற்றி அவளுக்குச் சந்தேகமே இல்லை. உட்காருவானா என்பதில்தான் சந்தேகம்.

டிக்கை எடுத்தாள். வளைவு காலியாகிவிட்டது. பொட்டலத்தை வைத்து ஓட்டினாள். “இருபத்தொன்பது… முப்பது… முப்பத்தொண்ணு…” என்றேன். மரங்களும் மலையும் ரோடும் இரண்டு காரும் மட்டும் மிச்சம் இருந்தன. ஊரே காலி. ஆனால் வழுக்கிக்கொண்டு ஓடியது.

புதுவருஷ நாளன்று மத்தியானம் தம்பி வந்தான். இளைத்திருந்தான், காதோரம் நரைத்திருந்தது. பிள்ளைக்குச் சாக்லேட்டும் எனக்கு ஒரு சால்வையும் கொண்டுவந்திருந்தான். ரங்கூன் வெயிலுக்குச் சால்வை. எண்ணெய் வாசனை போகக் குளித்தான், ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். அவள் அவன் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் கம்ப்யூட்டர் பேச்சையே எடுக்கவில்லை. கை கழுவி வந்ததும், “டாடி, ஒரு ரேஸ்” என்றாள்.

“நாளைக்கு ஓட்டலாமா கண்ணு?”

“இன்னைக்குக் கரண்ட் நல்லாருக்கு டாடி. பாக்டரியெல்லாம் லீவு.”

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். உட்கார்ந்தான். நான் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் மூலையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

“முப்பத்தொண்ணு… முப்பது… முப்பத்திரண்டு…”

“அக்கா என்ன, ஏலம் விடுறியா?”

“டாடி, அத்தையைப் பேச வைக்காதீங்க!”

முதல் வளைவிலேயே அவன் மரத்தில் மோதினான். “கப்பல்காரன்கிட்ட காரைக் குடுத்தா இப்படித்தான்” என்றான்.

“நீங்க கப்பல் ஓட்டலை டாடி. எஞ்சினுக்கு எண்ணெய் போடுறீங்க.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள். முதல் சுற்று முடிந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது சுற்று தொடங்கியது. போன தடவை இந்த இடம் வரைகூட அவன் வரவில்லை. நான் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். “முப்பது… முப்பத்தொண்ணு… முப்பத்தொண்ணு…”

இரண்டாவது சுற்றும் முடியப்போகிற சமயம், கீழ்ப் பாதியில் அவன் கார் ரோட்டை விட்டு விலகி, மலைப் பக்கம் பார்த்து நின்றுவிட்டது. படம் உறைந்துவிட்டதோ என்று பயந்து மூலையைப் பார்த்தேன். முப்பத்தொண்ணு. நின்றது படம் இல்லை. அவன் கை கீபோர்டில் இல்லை, மடியில் கிடந்தது. அப்போதுதான் நான் நம்பரை விட்டுக் கண்ணெடுத்து அவனைப் பார்த்தேன்.

அவன் திரையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கீழுதட்டின் ஒரு ஓரத்தைப் பல்லுக்கிடையில் இழுத்து வைத்துக்கொண்டு, இடது புருவம் மட்டும் கொஞ்சம் ஏறியிருக்க, மூச்சு விடக்கூட மறந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா தையல் மெஷினில் ஜாக்கெட் கழுத்தை வளைத்துத் தைக்கும்போது அப்படித்தான் இருப்பாள். அதே உதடு, அதே புருவம். கூப்பிட்டால் கேட்காது. தம்பி கல்யாணமான புதிதில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதைப் பார்த்துக்கொண்டே இருப்பான். நான் அடுப்படியிலிருந்து பார்த்து, பார்க்காத மாதிரி போய்விடுவேன். இந்தப் பிள்ளையின் பக்கத்தில் எத்தனை மாதம் உட்கார்ந்திருக்கிறேன், இது என் கண்ணில் படவில்லை. நான் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன தடவையும் இதேதான் என்று அந்த நிமிஷத்தில் எனக்குப் புரிந்தது. விக்கின படத்துக்கும் அவன் எழுந்ததற்கும் சம்பந்தமே இல்லை.

அவன் என் பக்கம் திரும்பினான். கண் நிறைந்திருந்தது. “அக்கா… கொஞ்சம் கீழ போயிட்டு வர்றேன்” என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, நாற்காலி சத்தம் போடாமல் எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் தாண்டினான். இதைப் பற்றி அதற்குப் பிறகு ஒருநாளும் நான் அவனிடம் கேட்டதில்லை. இனிக் கேட்கவும் முடியாது. அவன் போய் நாலு வருஷமாகிறது.

அவள் மூன்றாவது சுற்றையும் தனியாக ஓட்டி முடித்தாள். ஜெயித்தாள். “டாடி, நான் ஃபர்ஸ்ட்!” என்று திரும்பினாள். நாற்காலி காலியாக இருந்தது.

கொஞ்ச நேரம் நாற்காலியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“நீங்க நம்பர் சொல்றதை நிறுத்திட்டீங்கள்ல அத்தை, அப்பவே தெரிஞ்சுது. எவ்வளவுக்கு இறங்குச்சு? இருபதுக்குக் கீழயா?”

மூலையில் முப்பத்தொண்ணு அப்படியே நின்றுகொண்டிருந்தது. உன் முகத்தைப் பார்க்க முடியாமல் எழுந்து போனான் என்று ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் நாளைக்கு அவன் எதிரில் அந்த முகத்தை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். “சூடாயிடுச்சு, அதான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எங்கே கோளாறு என்று தெரிந்துவிட்ட மெக்கானிக் மாதிரி தெம்பாகத்தான் இருந்தாள். கட்டங்கள் இருக்கிற பக்கத்தை மறுபடி திறந்தாள். மரங்களை எடுத்தாள். பிறகு மலையை எடுத்தாள்.

நான் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். தெரு இன்னும் ஈரமாக இருந்தது. கடைகளெல்லாம் சாத்திக் கிடந்தன. எதிரே மூடியிருந்த வெற்றிலைக் கடைப் படியில் தம்பி உட்கார்ந்திருந்தான். செருப்பை இன்னும் கையிலேயே வைத்திருந்தான். முகத்தைத் தூக்கி எங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் பார்வையை மாற்றவில்லை, கொஞ்சம் நகர்ந்துகொள் என்பது மாதிரி தலையை மட்டும் சாய்த்தான். நான் நகர்ந்தேன். அங்கிருந்து அவனுக்கு அவள் தலையின் பின்பக்கம் மட்டும் தெரிந்திருக்கும்.

“நாற்பது, அத்தை!” என்று கத்தினாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “வந்து பாருங்க, நாற்பது! டாடி வரட்டும், இனிமே எழுந்திரிக்கவே மாட்டாங்க.”